இடது பின்கதவின் எழுவாய்

உட்காருங்கள், தம்பி. வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் நான்கு உள்ளன. வந்ததும் வராததுமாக இடது பின்கதவை விரல் முட்டியால் தட்டினீர்கள். மற்ற மூன்று கதவுகளைத் தட்டவில்லை. சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

முதற்செய்தி. என் பெயர் மங்கையர்க்கரசி. இந்தக் கரூரில் முப்பத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். பெரும்பாலும் இலக்கணம். மற்றவர்கள் செய்யுள் நடத்துவார்கள். இலக்கணப் பாடவேளை வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

இரண்டாவது. என் கணவர் பெயர் தாண்டவமூர்த்தி. இவ்வூரிலேயே ஒரு துணி ஆலையின் சாயப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து வருகிற மாதிரித் துண்டின் நிறமும் இங்கே சாயமேற்றிய துணியின் நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. ஷேடு மாஸ்டர் என்பார்கள். அவர் ‘ஆம்’ என்றால் துணி கப்பலேறும். ‘இல்லை’ என்றால் மறுபடியும் தொட்டிக்குப் போகும். அவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு அவர் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாக வேண்டும். அழைத்துச் சென்றவள் நான், இந்தக் காரில். ஒரு முறை ஆட்டோவில் வந்தபோது திரும்புகாலில் மயங்கிச் சரிந்துவிட்டார். ஓட்டுநர் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வைத்தோம். மூவர் வந்தார்கள், மூவரும் போனார்கள். பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு நான் அவர்கள் பேச்சைத் திருத்துவதாகக் குறை சொன்னார்கள். ‘லெப்ட்ல திருப்பறேன்’ என்றவரிடம் ‘இடப்பக்கம்’ என்றேன். அவ்வளவுதான்.

மூன்றாவது. எங்களுக்கு மக்கள் இருவர். மூத்தவள் நப்பின்னை திருநெல்வேலியில் இருக்கிறாள். இளையவன் இளவழுதி பெங்களூருவில். இருவர் வீட்டிலும் கூடுதலாக ஓர் அறை உண்டு. ஒரு கட்டில் போடலாம், இரண்டு போட முடியாது. பொங்கலின்போது நான் வாயிற்கதவில் உரசி வண்டியில் ஒரு கீறல் விழுந்தது. வழுதி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அம்மா, இன்னொரு கீறல் பார்த்தேன்னா சாவிய வாங்கிடுவேன். அப்பா என்கூட, நீங்க அக்காகூட. முடிஞ்சது.”

முடிஞ்சது என்றான். எது முடிந்தது என்று சொல்லவில்லை.

புரிகிறதா, தம்பி? வண்டி நின்றால் வீடு பூட்டப்படும். வீடு பூட்டப்பட்டால், நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு வீட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு மாநிலத்தில் இருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் நான் செய்தது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படாது.

நான்காவது, சொல்லும் முறையைப் பற்றியது. அன்றன்று எனக்குத் தெரிந்ததை அந்தந்த நாளின் இடத்தில் வைத்துச் சொல்வேன். பின்னால் தெளிந்தவற்றைப் பின்னால்தான் சொல்வேன். நடுவில் கேட்காதீர்கள். மோர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ் முடிந்தது. படியருகே கொண்டுவருவதற்காக மருத்துவமனைப் பின்கட்டில் ஜெனரேட்டர் அறைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். இடப்பக்கம் ‘டொக்’ என்று ஓர் ஒலி. நிறுத்தினேன், இறங்கிப் பார்த்தேன். பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்திருந்தது. ஒடுக்கின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கோடு. பக்கத்தில் ஒரு தூண் நின்றது. மருத்துவமனைத் தூண்களுக்கு இடுப்பளவு பச்சை பூசியிருப்பார்கள் அல்லவா? அந்தத் தூண் பச்சையாக இருப்பதைக் கண்டேன். கீழே வேறெதுவும் எனக்குத் தென்படவில்லை. தென்படவில்லை என்றுதான் சொல்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை.

நடந்து வந்த அவரை முன்னிருக்கையில் உட்கார வைத்தேன். கதவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வழுதி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை வருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தான். பத்து நாள் இருந்தது. பட்டறையில் விட்டால் நான்கு நாள் என்பார்கள்; நடுவில் இரண்டு டயாலிசிஸ் வரும். காப்பீட்டில் எழுதினால் குறுஞ்செய்தி வழுதியின் எண்ணுக்குப் போகும். ஆகவே நானே சரிசெய்வது என்று முடிவு செய்தேன். வேறு வழி இருந்திருந்தால் சொல்லுங்கள்.

நம் ஊரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கெல்லாம் பெயிண்ட் கொடுக்கிற ஜபருல்லா கடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே போனேன்.

“ஏனுங்கம்மா, நீங்களேவா பண்ணப் போறீங்க?”

“நானேதான்.”

“மகன் இல்லீங்களா?”

“இருக்கிறான். அவனுக்குத் தெரியக்கூடாது.”

ஜபருல்லா சிரித்துவிட்டார். “அப்ப எழுதிக்கங்க, டீச்சர்.”

எழுதிக்கொண்டேன். முதலில் ஒடுக்கை வெளியே இழுக்க வேண்டும். பிறகு உப்புத்தாளால் தேய்த்துப் பழைய பெயிண்டை எடுக்க வேண்டும். பிறகு பட்டி. அது களிபோல இருக்கும். அதில் ஹார்ட்னர் என்கிற சிவப்புப் பசையைக் கலந்தால்தான் இறுகும். பட்டி காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற தாள், பிறகு பிரைமர் என்கிற அடிப்பூச்சு, பிறகு நிறம், கடைசியில் கிளியர் என்கிற நிறமற்ற மேற்பூச்சு. ஒவ்வொன்றையும் எண்ணிட்டு எழுதினேன். ஓரிடத்தில்தான் ஐயம் வந்தது.

“ஹார்ட்னர் எவ்வளவு?”

“பட்டாணி அளவுங்க.”

“பச்சைப் பட்டாணியா, காய்ந்த பட்டாணியா?”

“டீச்சர், ஏதோ ஒரு பட்டாணிங்க!”

பச்சைப் பட்டாணி என்று கொண்டேன். புதன்கிழமை காலை கலந்த முதற்பட்டி கதவுக்குப் போவதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகிவிட்டது. இரண்டாம் முறை காய்ந்த பட்டாணி அளவு போட்டேன். சரியாக வந்தது. இவ்வளவு வேறுபாடு உள்ள இடத்தில் ‘ஏதோ ஒன்று’ என்று சொல்லலாமா?

ஒடுக்கை எடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். கதவின்மேல் கொதிநீரை ஊற்றிவிட்டு, குளியலறை அடைப்பு எடுக்கிற ரப்பர்க் குடுவையை வைத்து அழுத்தி இழுத்தேன். பதினேழாம் முறை தகடு ‘டப்’ என்று வெளியே வந்தது. அப்போது ‘அம்மா’ என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். எனக்கு அறுபத்து மூன்று வயது, தம்பி. தோள்பட்டை அன்று முழுதும் எரிந்தது. எஞ்சிய பள்ளத்தை நிரப்பத்தான் பட்டி. பட்டியைத் தேய்க்கும்போது ஜபருல்லா சொன்ன ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டேன்: கண்ணை நம்பாதே, விரலை நம்பு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் மேடும் பள்ளமும் தட்டக்கூடாது. நீங்களும் தட்டித்தான் கண்டுபிடித்தீர்கள்; தடவியிருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். வெண்டைக்காய் நறுக்குகிற பலகைத் துண்டில் தாளைச் சுற்றி, ஒரு பகல் முழுதும் தேய்த்தேன்.

அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே இடித்தாய் என்று கேட்கவே இல்லை. “தண்ணி குடிச்சிட்டுத் தேயி, அரசி” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் அளவு. என்னைக் குடிக்கச் சொன்னார்.

மறுநாள் வியாழக்கிழமை. ஏழு மணிக்கு வர வேண்டிய டெக்னீஷியன் பெலிக்ஸ் ஏழு நாற்பதுக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஊசி குத்துவது தெரியாமல் குத்துவார். அவர் வராமல் மெஷினைத் தொடங்க மாட்டார்கள். பதினொன்றுக்கு அடுத்த நோயாளி. ஆக என் கணவருக்கு நாற்பது நிமிடம் குறைந்துவிட்டது. நாற்பது நிமிடம் என்பது உங்களுக்கும் எனக்கும் நாற்பது நிமிடம். அவருக்கு அது உடம்பில் தங்கிவிடுகிற நீர். அன்று மாலை அவரால் படுக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார வைத்தேன். கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

ஆனால் அதற்கு முன்பே, காத்திருந்த அந்த நாற்பது நிமிடத்தில், நான் ஒன்று செய்துவிட்டேன். வரவேற்பு மேசையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஆலோசனைப் புத்தகத்தில் எழுதினேன்: ‘பணியாளர் காலந்தாழ்த்தி வருவது நோயாளியின் உயிரோடு விளையாடுவதாகும். நிருவாகம் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.’ மேலட்டையில் ‘ஆலோசணை’ என்று மூன்று சுழி போட்டிருந்தார்கள். அதையும் திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை பிரைமர் அடித்தேன். கதவு சாம்பல் நிறமாயிற்று. மறுநாள் அந்தச் சாம்பல் கதவோடுதான் போனோம். மருத்துவமனைக்கு வழுதி வரப் போவதில்லை என்கிற துணிச்சல்.

அந்தச் சனிக்கிழமைப் பேச்சை ஒரு சொல் பிசகாமல் சொல்கிறேன். ஏனென்றால் என் வாழ்நாளில் ஒரு வினைமுற்றை நான் தவறாகப் பொருள்கொண்டது அன்று ஒரு நாள்தான்.

பெலிக்ஸ் நேரத்துக்கு வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் கணவரின் கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே சொன்னார்: “மன்னிச்சுக்கங்கம்மா, வியாழக்கிழமை லேட்டாயிருச்சு. பஸ் கெடைக்கல, நடந்து வந்தேன்.”

“உங்கள் வண்டி என்ன ஆயிற்று?”

“இடிச்சிட்டாங்கம்மா. ஜெனரேட்டர் ரூம் ஓரமா நிறுத்தியிருந்தேன். லைட்டு ஒடஞ்சு போச்சு, முன்சக்கரம் கோணிக்கிச்சு.”

“யார்?”

பிளாஸ்திரி ஒட்டிய கை நின்றது. “பெரியவங்கதாம்மா. வேணும்னு செய்யல. திருப்பும்போது பாத்திருக்க மாட்டாங்க.”

பெரியவங்க. பெரிய மனிதர்கள் என்று கொண்டேன். பெரிய கார், பெரிய இடம், செல்வாக்கு. இடிச்சிட்டாங்க: இடித்துவிட்டார்கள். பலர்பால். யாரோ சிலர். எழுவாய் வெளிப்படையாக இல்லாத தொடர். தோன்றா எழுவாய் என்று நடத்துவோம். எழுவாயை வினைமுற்றைக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும் என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

எனக்குக் கோபம் வந்தது. பெலிக்ஸுக்காகத்தான் வந்தது. “பெரியவர்கள் என்றால் என்ன? இடித்துவிட்டு நிற்காமல் போகிறவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் எதற்கு? அப்படிப்பட்டவர்களிடமிருந்து சாவியைப் பிடுங்க வேண்டும். நீங்கள் சும்மா விடாதீர்கள், பெலிக்ஸ்” என்றேன். அறை முழுதும் கேட்கும்படி சொன்னேன். வகுப்பறைக் குரல் எனக்குக் குறையவே இல்லை.

ஆறு படுக்கைகள் அங்கே. மூன்றாம் மெஷினில் ஒரு பஸ் பாடிப் பட்டறைக்காரர் படுப்பார், ஓயாமல் பேசுவார். அவர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, “டீச்சருக்கு ரிட்டயர் ஆயும் கையில சாக்பீஸ் போகல பாருங்க” என்றார். யாரோ சிரித்தார்கள். என் நகக்கண்களில் பட்டி இருந்தது. பெலிக்ஸ் சிரிக்கவில்லை. “சரிங்கம்மா” என்றார். என் கணவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நிறம். இதில்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஜபருல்லா முன்பே சொல்லியிருந்தார்: முன்கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் பெயிண்டின் எண் இருக்கும், அதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று. பார்த்தேன். எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. பதினோராண்டு வண்டி, தேயாதா? செய்தித்தாள் அச்சே இப்போதெல்லாம் மங்கித்தான் வருகிறது. இரண்டு முறை கடிதம் எழுதியிருக்கிறேன். ஆகவே எண் இல்லாமல் போனேன்; பெட்ரோல் துளையின் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

“எந்த வெள்ளைங்க?” என்றார் ஜபருல்லா.

“வெள்ளைக்கு ஏது ‘எந்த’? வெள்ளை என்பது வெள்ளைதான்.”

“டீச்சர், எங்கிட்டயே ஒம்போது வெள்ளை இருக்குதுங்க.” ஒன்பது டப்பா மூடிகளையும் மேசையில் பரப்பினார். வெயிலில் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பெட்ரோல் மூடியோடு ஒட்டிப் பார்த்தேன். ஆறாவது பொருந்தியது. பொருந்தியது என்றால் ஒட்டுத் தெரியாமல் பொருந்தியது.

“அது கொஞ்சம் மஞ்ச அடிக்குதுங்களே?”

“முப்பத்தாறு ஆண்டு விடைத்தாள் திருத்திய கண் இது. கொடுங்கள்.”

கொடுத்தார். வேறென்ன செய்வார்?

காற்று எழுவதற்கு முன், காலை ஆறரைக்கு அடித்தேன். சுற்றிலும் செய்தித்தாள் ஒட்டி, டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக நான்கு முறை. இரண்டாம் முறையில் ஓரிடத்தில் ஒழுகியது. தேய்த்து மீண்டும் அடித்தேன். திங்கட்கிழமை கிளியர். அது காய்ந்ததும் தாள்களைப் பிரித்தேன். கதவு கண்ணாடிபோல இருந்தது. என் முகம் தெரிந்தது.

எனக்கு என் கண் போதாது. அதற்குரிய வல்லுநர் வீட்டிலேயே இருக்கும்போது கேட்காமல் விடுவேனா? அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தேன்.

“பாருங்கள். பொருந்துகிறதா?”

அவர் ஆலையில் துணி பார்ப்பதுபோலவே பார்த்தார். முதலில் நேராக. பிறகு ஓரமாக நின்று. பிறகு உள்ளங்கையால் நெற்றியில் நிழல் கட்டிக்கொண்டு. நெடுநேரம் ஆயிற்று. நான் மூச்சு விடாமல் நின்றேன். ஆண்டுத் தேர்வு முடிவுக்குக்கூட அப்படி நின்றதில்லை.

“ஒரே ஷேடு, அரசி.”

“உறுதியாகவா?”

“கப்பல்ல ஏத்தலாம்.”

எனக்கு உயிர் வந்தது. அன்று பருப்பில்லாமல், உப்பில்லாமல் அவருக்கு வைக்கிற அந்தச் சுரைக்காய்க் கூட்டை நானும் அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய் போனோம், வியாழன் போனோம். மருத்துவமனைக் காவலாளி கதவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பட்டறைக்காரர் ஊன்றுகோலோடு வந்து சுற்றிப் பார்த்தார். “வேலை சுத்தமா இருக்குதுங்க டீச்சர், தடவுனா ஒண்ணுமே தெரியல” என்றார். எதிர்வீட்டு அம்மையார் “புதுசா அடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். யாருமே குறை சொல்லவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை வழுதி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாயிற்கதவைத் தாண்டியதும் நின்றுவிட்டான்.

“என்னம்மா இது?”

“எது?”

“இந்தக் கதவு. மோர்க்குழம்பு கலர்ல இருக்கு.”

“வெள்ளையாக இருக்கிறது.”

“அம்மா, மூணு கதவு வெள்ளை. இது மோர்க்குழம்பு.”

“அப்பாவைக் கேள். முப்பத்தோர் ஆண்டு நிறம் பார்த்தவர்.”

அவர் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: “ஒரே ஷேடுதான்டா. வெயில்ல நின்ன கதவு, அப்படித்தான் தெரியும்.”

வழுதி என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முன்கதவில் வைத்தான், பின்கதவில் வைத்தான். “தெரியலையா?” என்றான். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. தெரியவில்லை என்று சொல்லாமல், “உன் கைக்குட்டையைத் துவைத்து எத்தனை நாள் ஆயிற்று?” என்று கேட்டேன். அவன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். “நாளைக்கு நான் ஓட்டறேன்” என்றான்.

சனிக்கிழமை. அவன் ஓட்டினான்; நான் பின்னால் உட்கார்ந்தேன். பின்னிருக்கையிலிருந்து சாலை எனக்கு வேறு சாலையாகத் தெரிந்தது. வழியெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன்: அவன் நம்பும்படி ஏதேனும் ஒரு சொல்லை நான் சொல்லியாக வேண்டும். நான் பொறுப்புள்ளவள், சாலை ஒழுங்கு அறிந்தவள் என்று அவனுக்குக் காட்டியாக வேண்டும். அதனால்தான், தம்பி, நானே என் வாயைத் திறந்தேன். யாரும் கேட்கவில்லை.

பெலிக்ஸ் என் கணவருக்கு ஊசி குத்தி முடித்திருந்தார். வழுதி பக்கத்தில் நின்றிருந்தான். “பெலிக்ஸ், உங்கள் வண்டியை இடித்தவர்கள் அகப்பட்டார்களா?” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “விடுங்கம்மா.”

“விடக்கூடாது. பெயர் தெரியுமா?”

“தெரியும்மா.”

“தெரிந்தும் ஏன் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கவில்லை? நான் எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள். அவர்கள் யாராக இருந்தாலும் சரி.”

“அம்மா, எனக்கே மெமோ வந்திருக்கு. லேட்டா வந்தேன்னு புக்குல எழுதிட்டாங்க. இதுக்கு மேல எனக்கு எதுவும் வேண்டாம்.” அவர் மெஷின் குழாயைச் சரிசெய்தார். “அவங்க நல்லவங்கம்மா. செவ்வா, வியாழன், சனி வர்றாங்க. ஐயா ஒருத்தரக் கூட்டிட்டு வர்றாங்க. ஐயாதான் சொல்ல வேண்டாம்னாரு.”

“எந்த ஐயா?”

பெலிக்ஸ் நான்காம் மெஷினைப் பார்த்தார். அது என் கணவரின் மெஷின்.

எழுதிட்டாங்க. இடிச்சிட்டாங்க. வர்றாங்க. மூன்று வினைமுற்றுகள், எழுவாய் ஒன்று. பலர்பால் அன்று. ஒருத்தியைப் பன்மையில் சொல்வது, மரியாதைப் பன்மை. எட்டாம் வகுப்புப் பாடம். என் முகத்துக்கு நேரே ‘நீங்க’ என்று சொல்லக் கூசி, என்னை மூன்றாம் ஆளாக்கி, நானாக ஒப்புக்கொள்வதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பிள்ளை ஒரு வாரம் காத்திருந்திருக்கிறார். நான் அவரிடம் சாவியைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்.

என் கணவர் கண்ணைத் திறந்து, ஊசி இல்லாத கையை என் பக்கம் நீட்டினார். நான் போய்ப் பிடிப்பதற்கு முன் வழுதி சொன்னான்.

“சாவிய அப்பவே எடுத்திருக்கணும்.” பிறகு மெதுவாக, “அம்மா, அது வண்டியா இருந்துச்சு. ஆளா இருந்திருந்தா?”

அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டேன்.

இனி, பின்னால் தெளிந்தவை. வரிசையாகச் சொல்கிறேன்.

ஜெனரேட்டர் அறைத் தூண் சிமெண்டுத் தூண். அதற்கு எந்தப் பூச்சும் கிடையாது. பச்சை, பெலிக்ஸின் மொபெட்டினுடையது. அது தூணுக்கு அந்தப் பக்கம் செடிக்குள் விழுந்து கிடந்திருக்கிறது. காவலாளி பார்த்துப் பெலிக்ஸிடம் சொல்ல, அவர் வியாழக்கிழமையே என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

என் இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது. “இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா ரெண்டு வருசம் ஓட்டுனீங்க?” என்று கண் மருத்துவர் கேட்டார். வலக்கண்ணுக்கு அறுவை முடிந்தது. கட்டுப் பிரித்த மூன்றாம் நாள் முன்கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். எழுத்து தேயவில்லை. பெயிண்டின் எண் தெளிவாக இருக்கிறது. நான் வாங்கிய டப்பாவின் அடியில் ‘ஐவரி’ என்று அச்சிட்டிருக்கிறது. கதவின் நிறத்தைப் பொறுத்தவரை வழுதி சொன்னதே சரியான உவமை.

ஆலோசனைப் புத்தகத்தில் நான் எழுதியதை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: ‘வண்டியை இடித்தவள் நான். அவர் காலந்தாழ்ந்ததற்குக் காரணம் நான்.’ மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். மொபெட்டைச் சரிசெய்து கொடுத்தாயிற்று. அதன் முன்தகட்டுக்கு நானே பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றேன். “பச்சையில எத்தன பச்சை இருக்குன்னு தெரியுமாம்மா?” என்றார் பெலிக்ஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

என் கணவர் பெங்களூருவில் இருக்கிறார். இன்றோடு இருபத்தாறு நாள். அங்கே திங்கள், புதன், வெள்ளி. எடையில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறார். ஏன் ஒரே ஷேடு என்று சொன்னீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். “வேற ஷேடுன்னு சொன்னா வண்டி நின்னுடும்னு எனக்குத் தெரியாதா?” என்றார். பெலிக்ஸின் வாயை அடைத்ததும் அதற்காகத்தான். பெலிக்ஸ் ஒரு வாரம் நடந்தது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார். நான் அறியாமல் செய்தேன். அவர் அறிந்து செய்தார். இருவரில் யார் பிழை பெரிது என்று திருத்துகிற வேலையை விட்டுவிட்டேன்.

நான் திருநெல்வேலிக்குப் போகவில்லை. இடக்கண் அறுவை வருகிற பதினெட்டாம் தேதி. அதன்பின் ஒரு மாதம் கழித்துப் பார்வையைச் சோதித்து, நான் வண்டி ஓட்டலாமா கூடாதா என்று மருத்துவர் எழுத்தில் தருவார். கூடாது என்று எழுதினால் ஓட்ட மாட்டேன். வேறோர் ஏற்பாடு செய்வேன். நான்காம் மெஷினின் காலைவேளையை வெளியூர் நோயாளி ஒருவருக்குத் தற்காலிகமாகக் கொடுத்திருப்பதாகப் பெலிக்ஸ் சொன்னார். ஆடி முடியும்வரை அது எங்கள் பெயரில் இருக்கும்.

விளம்பரம் கொடுத்தவன் வழுதி. நீங்கள் பார்த்த தொலைபேசி எண் அவனுடையது. நேற்று அவன் கேட்டபோது, வருகிறவருக்கு வண்டியைக் காட்டுகிறேன் என்று சொன்னேன். காட்டிவிட்டேன்.

பதிவுச் சான்றில் இருப்பது என் பெயர். இன்று காலை, நீங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அவருக்குத் தொலைபேசி செய்தேன். “விற்றுவிடலாமா?” என்றேன்.

“யாரு கேக்கறது? அவனா, நீயா?”

“நான்தான் கேட்கிறேன்.”

“நீ கேக்கறதா இருந்தா, வேண்டாம்.”

ஆகவே நான் கையெழுத்திட மாட்டேன், தம்பி. இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டதற்கு வருந்துகிறேன். இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றட்டுமா?